யாருக்கும் தெரியாத வாட்சுக்கு ஏன் இவ்வளவு மரியாதை?

கேள்வி | 9 ஜூன் 2024, காலை 7.12

ரோலெக்ஸ் என்றால் எங்கள் தெரு இட்லிக்கடைக்காரருக்கும் தெரியும். ஒமேகா ஓரளவு தெரியும். வாட்ச் பைத்தியங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடும் ஜேகர்-லெகூல்த்ர், ஜெனித், கிராண்ட் சீகோ, கிளாஷூட்டே எல்லாம் யாருக்குத் தெரியும்? என் கருத்து: சரக்கு நன்றாக இருந்தால் பெயர் தானாகப் பரவியிருக்கும். பரவவில்லை என்றால் எங்கேயோ கோளாறு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பட்டறைக்காரன் | 9 ஜூன், காலை 8.05

மறுக்கிறேன். பெயர் தானாகப் பரவாது. பரப்ப வேண்டும், அதற்கென்று தனியாகக் காசு இறைக்க வேண்டும். ரோலெக்ஸ் 1978 முதல் விம்பிள்டனில் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவுதான் ரகசியம். மீதி சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடையில் வரிசை நீளுவதற்குள் போக வேண்டும்.

பட்டறைக்காரன் | 9 ஜூன், இரவு 9.30

காலையில் எழுதியது அவசரத்தில் எழுதியது. விளம்பரம் பாதிக் காரணம்கூட இல்லை என்று மதியம் படுத்திருந்தபோது தோன்றியது.

நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்தது. முழுக்க ஜாப் ஒர்க். பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ், இம்பெல்லர் எல்லாம் கடைந்து, அளந்து, எண்ணெய் தடவி, பேப்பரில் சுற்றி அனுப்புவோம். பம்பின் மேல் அவர்கள் பெயர் இருக்கும். கிணற்றில் இறக்கி இருபது வருஷம் ஓடிவிட்டால் "அந்தக் கம்பெனி பம்பு அந்தக் காலத்துச் சரக்குங்க" என்பார்கள். எங்கள் பட்டறையின் பெயர் டெலிவரி சலானோடு சரி. இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பணம் வந்துவிடுகிறது, தொண்ணூறு நாள் கழித்து.

ஸ்விட்சர்லாந்தின் ஜூரா மலையில் வாலே த ஜூ என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே லெ சாந்தியே என்ற ஊரில் 1833இல் அந்துவான் லெகூல்த்ர் பட்டறை போட்டார். பிற்பாடு வாட்சின் உள்ளே ஓடும் இயந்திரத்தைச் செய்து பெரிய பெயர்களுக்குக் கொடுப்பதே அந்தப் பட்டறைக்குப் பெரும்பிழைப்பாக இருந்தது. கார்த்தியே, படேக் ஃபிலிப், ஓடெமார் பிகே, வாஷ்ரோன் கான்ஸ்டன்டின் எல்லாரும் அங்கே கஸ்டமர்கள்.

1967இல் அவர்கள் செய்த ஒரு இயந்திரத்தின் பெயர் காலிபர் 920. ஆட்டோமேட்டிக். கை அசைவிலேயே சாவி ஏறும். மொத்தத் தடிமன் 2.45 மில்லிமீட்டர். இப்போதுதான் இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை அடுக்கி வெர்னியரில் பிடித்துப் பார்த்தேன், 2.9 காட்டுகிறது. அதைவிட மெல்லிய இடத்தில் ஸ்பிரிங், பல்சக்கரங்கள், அதற்கு மேல் சுற்றும் ரோட்டார். அந்த இயந்திரத்தை 1972இல் ஓடெமார் பிகே தன் ராயல் ஓக்கில் வைத்தது. 1976இல் படேக் ஃபிலிப் நாட்டிலஸில் வைத்தது. 1977இல் வாஷ்ரோன் தன் 222இல் வைத்தது. ஒவ்வொருவரும் தங்கள் நம்பரைப் போட்டுக்கொண்டார்கள். ஸ்டீல் வாட்சுக்குத் தங்கத்தைவிட அதிக விலை வைக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியவை இவை. மூன்றின் வயிற்றிலும் ஒரே பட்டறையின் குடல்.

ஜேகர்-லெகூல்த்ர் தன் பெயர் போட்ட வாட்ச் எதிலும் 920ஐ வைக்கவே இல்லை.

பட்டறைக்காரன் | 10 ஜூன், காலை 6.50

"அவ்வளவு நல்ல இயந்திரம் என்றால் தன் பெயரிலேயே போட்டு விற்க வேண்டியதுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஜாப் ஒர்க் செய்தவர் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். அதை உருவாக்கப் பணம் போட்டது அந்த மூன்று கம்பெனிகள். பேட்டர்ன், அதாவது வார்ப்புக்கான மாதிரி, யார் காசில் செய்ததோ அவருக்குத்தான் காஸ்டிங். எங்கள் பட்டறையில் நான்கு பேட்டர்ன் இருக்கிறது, அச்சு அசலாக என்னால் நாளைக்கே ஊற்றி விற்க முடியும். விற்றால் அடுத்த நாள் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

பட்டறைக்காரன் | 10 ஜூன், இரவு 11.15

தூக்கம் வரவில்லை, எனவே ஒரு உபரித் தகவல். என் பாக்கெட்டில் எப்போதும் இருக்கும் மைக்ரோமீட்டரில் ஒரு கோடு என்றால் 0.01 மில்லிமீட்டர், அதாவது பத்து மைக்ரான். நல்ல கை இருந்தால் இரண்டு கோட்டுக்கு நடுவில் ஐந்து என்று கண்ணால் குத்துமதிப்பாகச் சொல்லலாம். அந்துவான் லெகூல்த்ர் 1844இல், கரண்ட் இல்லாத காலத்தில், ஒரு மைக்ரானை அளக்கும் கருவியைச் செய்தார். மில்லியனோமீட்டர் என்று பெயர். நூற்றி எண்பது வருஷம் கழித்து நான் பத்து மைக்ரானில் கஸ்டமரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பட்டறை உலகத்தில் இப்படி ஒரு ஆளைக் கும்பிடுவார்கள். வாட்ச் வாங்குகிறவருக்கு இது எதற்கு? மரியாதைக்கும் புகழுக்கும் உள்ள தூரம் இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது என்று நினைக்கிறேன். மரியாதை கொடுப்பது செய்கிறவன். புகழ் கொடுப்பது பார்க்கிறவன்.

பட்டறைக்காரன் | 11 ஜூன், மதியம் 1.40

முதல் குறிப்பில் ரோலெக்ஸை ஒரு வரியில் தள்ளிவிட்டேன். அது அநியாயம். ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1908இல் அந்தப் பெயரைப் பதிவு செய்தபோதே, எந்த மொழிக்காரன் வாயிலும் நுழைய வேண்டும், டயலில் அடங்கும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும் என்று பார்த்துத்தான் வைத்தார். 1926இல் ஆய்ஸ்டர் என்ற தண்ணீர் புகாத கேஸ், அதாவது வாட்சின் வெளிக்கூடு. 1927இல் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற இளம்பெண் அதைக் கட்டிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். வில்ஸ்டார்ஃப் உடனே டெய்லி மெயில் பத்திரிகையின் முதல் பக்கத்தை வாங்கி விளம்பரம் போட்டார்.

பட்டறைக்காரன் | 11 ஜூன், இரவு 8.20

தப்பு. கிளைட்ஸ் கடந்தது உண்மை, ஆனால் கடந்தபோது ரோலெக்ஸ் இல்லை. வேறொருவர் தானும் கடந்ததாகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டதில் எல்லாருக்கும் சந்தேகம் வந்து, கிளைட்ஸ் அதே அக்டோபரில் மறுபடி நீந்திக் காட்டப் போனார். அந்த இரண்டாவது தடவைதான் ரோலெக்ஸ், அதுவும் கையில் அல்ல, கழுத்தில். பத்து மணி நேரத்துக்கு மேல் தாக்குப் பிடித்தார். குளிர் தாங்காமல் படகில் தூக்கிவிட்டார்கள். கரை சேரவில்லை. வாட்ச் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கரை சேராத நீச்சலைக் காட்டி முதல் பக்க விளம்பரம்! இது ஒரு தனித் திறமை. லெ சாந்தியே ஆட்களுக்கு இது சுட்டுப் போட்டாலும் வராது. அவர்கள் மைக்ரானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பட்டறைக்காரன் | 13 ஜூன், இரவு 10.05

இன்று பொள்ளாச்சியில் ஒரு கல்யாணம். இந்த விவாதத்துக்கென்றே நடந்த மாதிரி ஒரு சங்கதி.

நான் கட்டியிருப்பது ஜேகர்-லெகூல்த்ர் ரிவர்ஸோ. ஆறு வருஷம் முன்னால் மச்சான் சிங்கப்பூரில் பழையதாக வாங்கிக் கொடுத்தது. நீள்சதுர முகம். 1931இல் வந்த வடிவம். இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கில அதிகாரிகள், ஆட்டத்தில் வாட்ச் கண்ணாடி உடைந்து போகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்களாம். அதற்குச் செய்தது. முகத்தைத் திருப்பி உள்பக்கம் வைத்துவிடலாம், வெளியே வெறும் இரும்பு முதுகு.

பந்தியில் பக்கத்தில் ஒன்றுவிட்ட மாமா. ரைஸ் மில் வைத்திருக்கிறார். கையில் இரண்டு கலர் ரோலெக்ஸ், பத்தடி தள்ளி பாயசம் ஊற்றுகிற பையன்கூடப் பார்த்துக்கொண்டு போகிறான். என் கையைப் பார்த்தார்.

"ஏனுங் மாப்ள, இது பொம்பளைங்க கட்டறதுங்களா?"

"இல்லீங் மாமா. குதிரை மேல போலோ வெளையாடறவங்களுக்குச் செஞ்சதுங்."

"உங்ககிட்டக் குதிரை இருக்குதுங்களா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? சரி, செய்து காட்டுவோம் என்று இடது கையால் சாப்பாட்டு மேஜை ஓரத்தில் வாட்சைக் கழற்றி வைத்து, முகத்தைப் பக்கவாட்டில் தள்ளினேன். தொட்டிலுக்குள் தண்டவாளம் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். முடிகிற இடத்தில் புரட்டினால் முதுகு மேலே வரும். திரும்பத் தள்ளினால் மூலையில் சின்னக் குண்டு ஒன்று பள்ளத்தில் விழும், "டிக்". அந்தச் சத்தத்துக்காகவே நான் ஒரு நாளைக்கு முப்பது தடவை திருப்புவேன். ஆறு வருஷமாகத் திருப்பியும் ஆட்டம் கொடுக்கவில்லை. தேய்மானம் எங்கே போகிறது என்று எனக்குப் புரியவில்லை. நான் செய்யும் ஸ்லைடு ஆறு மாதத்தில் லொடலொடவென்று ஆகிவிடும்.

மாமா பார்த்தார். "நல்லாத்தேன் இருக்குது. ஆனா திருப்பி வெச்சா மணி எப்புடிங் பாக்கறது?"

பக்கத்தில் இருந்த அவர் பேத்தி, ஆறு வயசு இருக்கும், வாட்சைப் பிடுங்கிக்கொண்டு பந்தி முடியும்வரை திருப்பிக்கொண்டே இருந்தாள். ரோலெக்ஸை அவள் ஒரு தடவைகூடத் தொடவில்லை. (இது வாதம் இல்லை, அல்ப சந்தோஷம்.)

கடைசியில் கை கழுவும் இடத்தில் "என்ன கம்பெனிங்?" என்றார். இங்கேதான் நான் திணறினேன். ஆறு வருஷமாகக் கட்டுகிற வாட்சின் பெயரை எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. நான் ஜேகர் என்கிறேன், மச்சான் யேகர் என்றார், சிங்கப்பூர்க் கடைக்காரர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார், தொண்டையில் முள் சிக்கின மாதிரி இருந்தது. அதற்கு மேல் லெகூல்த்ர் வேறு. மாமாவிடம் "சுவிஸ் கம்பெனிங்" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். வைத்திருக்கிறவனே பெயர் சொல்லக் கூச்சப்பட்டால் வாய்வழியாக எப்படிப் பரவும்?

பட்டறைக்காரன் | 14 ஜூன், காலை 7.30

பெயர் விஷயத்தில் ஒன்று விட்டுப்போனது. அது ஒரு பெயரே இல்லை, இரண்டு. எட்மண்ட் ஜேகர் பாரிஸ்காரர். 1903இல் "நான் வரைந்திருக்கிற மெல்லிய இயந்திரத்தைச் செய்து காட்ட ஆள் உண்டா" என்று ஸ்விஸ்காரர்களைச் சீண்டினார். அந்துவானின் பேரன் ஜாக்-டேவிட் லெகூல்த்ர் ஏற்றுக்கொண்டார். 1907இல் ஜேகர் கார்த்தியேவோடு ஒப்பந்தம் போட்டார், இயந்திரம் போய் கார்த்தியே பெயரில் உட்கார்ந்தது. 1937இல்தான் இரண்டு பெயரும் சேர்ந்தது. அப்புறமும் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் வெறும் லெகூல்த்ர் என்று மட்டும் போட்டு விற்றார்கள். ஒரு ஊரில் ஒரு பெயர், இன்னொரு ஊரில் வேறு பெயர். நம் ஊரில் ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று இருந்தால் என்ன பாடு படுகிறோம்!

இன்னொரு திருத்தம். ரிவர்ஸோ முழுக்க லெகூல்த்ர் கைவேலை என்று நேற்றைய குறிப்பு தொனிக்கிறது. முதல் ரிவர்ஸோக்களில் இருந்தது தவான் என்ற வேறு கம்பெனியிடம் வாங்கிய இயந்திரம். அந்த நீள்சதுரக் கேஸுக்குப் பொருந்துவது லெகூல்த்ரிடம் அப்போது இல்லை. 1933இல்தான் சொந்த இயந்திரம் வந்தது. ஊருக்கெல்லாம் செய்து கொடுக்கிற பட்டறை தன் வாட்சுக்கு வெளியில் வாங்கியது. எங்கள் வீட்டு மோட்டாருக்கு புஷ் மாற்றி ஒன்றரை வருஷம் ஆகிறது, அதனால் சிரிக்க எனக்கு உரிமை இல்லை.

பட்டறைக்காரன் | 15 ஜூன், மாலை 5.10

கிராண்ட் சீகோ பற்றிக் கேட்டவருக்கு.

எங்கள் வீட்டில் சீகோ என்றால் சித்தப்பா. குவைத்திலிருந்து முதல் லீவில் வந்தபோது அப்பாவுக்கு ஒரு சீகோ ஃபைவ், நீல டயல். கூடவே டேப் ரெக்கார்டர், கோடாலித் தைலம். அந்தக் காலத்தில் வளைகுடாவோ சிங்கப்பூரோ போய் வந்தவர் வீடு என்பதற்கு அந்த வாட்ச்தான் அத்தாட்சி. ஆட்டினால் ஓடும், கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரியும், சாவி கொடுக்க வேண்டாம். அப்பா லேத்தில் நிற்கும்போதும் அதைக் கழற்ற மாட்டார். சோப்பு எண்ணெய் பட்டுப் பட்டுப் பட்டை பச்சை பாரித்துப் போனது, வாட்ச் நிற்கவில்லை.

அவ்வளவு நல்ல பெயர்தான் பிரச்சினை. போன வருஷம் ஷார்ஜா நண்பர் ஒருவர் கிராண்ட் சீகோவின் பனிச்செதில் மாடலைக் கட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். ஜப்பானின் ஷின்ஷூ பகுதி மலையில் காற்று சீவிய பனி மாதிரி வெள்ளை டயல், கிட்டே வைத்துப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியும். நீலமான விநாடி முள். அது துடிப்பதே இல்லை. டிக் டிக் கிடையாது, எண்ணெய் வழிகிற மாதிரி வழுக்கிக்கொண்டே போகிறது. ஸ்பிரிங் டிரைவ் என்கிறார்கள். ஓட்டுவது ஸ்பிரிங், வேகத்தைக் கட்டுப்படுத்துவது குவார்ட்ஸ் படிகம், பேட்டரி இல்லை. நாளைக்கு ஒரு விநாடிதான் கூடக் குறைய. யோஷிகாசு அகஹானே என்ற எஞ்சினியர் 1977இல் யோசித்தது, கடைக்கு வந்தது 1999இல். அவர் அதற்கு முந்தின வருஷம் இறந்துவிட்டார்.

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பட்டறை மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "சீகோவா? எங்க மாமனாரும் வெச்சிருந்தாருங்க" என்று டிரில்லிங் மிஷினுக்குப் போய்விட்டார். நண்பர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

டொயோட்டா 1989இல் உயர்ரகக் கார் விற்கப் போனபோது லெக்ஸஸ் என்று புதுப் பெயர் வைத்தது. சீகோ 1960இலிருந்து கிராண்ட் என்ற ஒரு சொல்லை முன்னால் ஒட்டிவிட்டு, டயலில் சீகோவையும் சேர்த்தே அடித்துக்கொண்டிருந்தது. 2017இல்தான் தனி பிராண்ட் என்று பிரித்து டயலிலிருந்து சீகோவை எடுத்தார்கள். எடுத்தும் என்ன, பெயரில் இருக்கிறதே.

பட்டறைக்காரன் | 15 ஜூன், இரவு 9.45

எடையைச் சொல்ல மறந்தேன். மேஸ்திரி அதைக் கையில் வாங்கிப் பார்த்து "கனமே இல்லீங்களே" என்றும் சொன்னார். ஸ்டீல்தான், உள்ளே வேலைப்பாடு அப்படி என்று நான் விளக்கம் கொடுத்தேன். இப்போது ஷார்ஜா நண்பர் திட்டி மெசேஜ் அனுப்பியிருக்கிறார். டைட்டானியமாம். ஸ்டீலில் கிட்டத்தட்டப் பாதி எடை. உலோகத்திலேயே பிழைக்கிற நான் கையில் பிடித்தும் கண்டுபிடிக்கவில்லை. இதை யாரும் பட்டறையில் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் மேஸ்திரி சொன்னதில் விஷயம் இருக்கிறது. நம்மில் பலருக்குக் கனம்தான் மதிப்பு. சங்கிலியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் டிசைனையே பார்ப்போம்.

பட்டறைக்காரன் | 16 ஜூன், காலை 9.00

சும்மா ஒரு தகவல். கிராண்ட் சீகோ கேஸ் கண்ணாடி மாதிரி மின்னுவதற்கு ஸராட்ஸு பாலிஷ் என்று பெயர். ஏதோ சாமுராய் காலத்து வித்தை போல என்று நினைத்திருந்தேன். சல்லாஸ் என்ற ஐரோப்பிய மிஷின் கம்பெனியின் பெயரை ஜப்பான் தொழிலாளிகள் வாயில் போட்டு மென்றதில் வந்த சொல்லாம். ஆலன் கீயை எல்.என். கீ என்று பில்லில் எழுதும் ஊர்க்காரனுக்கு இதைக் கேட்டதும் அந்த ஆட்களோடு ஒரு சொந்தம் வந்துவிட்டது.

பட்டறைக்காரன் | 17 ஜூன், இரவு 10.30

ஜெனித். இதை எழுதத்தான் ஒரு வாரமாகக் கை அரித்தது.

1969 ஜனவரியில் ஸ்விட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரில் இருக்கும் ஜெனித்திலிருந்து எல் ப்ரிமேரோ வந்தது. ஆட்டோமேட்டிக் ஸ்டாப் வாட்ச் இயந்திரம், மணிக்கு 36,000 துடிப்பு, விநாடியில் பத்தில் ஒரு பங்கை அளக்கலாம். அதே வருஷக் கடைசியில் சீகோ பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சைக் கொண்டுவந்தது. சில வருஷத்தில் ஸ்விஸ் ஊர்களில் பட்டறை பட்டறையாகப் பூட்டினார்கள். அப்போது ஜெனித்தின் முதலாளி சிகாகோவில் இருந்த ஜெனித் ரேடியோ கம்பெனி. 1975இல் உத்தரவு வந்தது: இனி மெக்கானிக்கல் கிடையாது, டைகளையும் கருவிகளையும் தள்ளிவிடுங்கள்.

சார்ல் வெர்மோ என்று ஒரு ஃபோர்மேன். எழுதிப் பார்த்தார், கேட்கவில்லை. அப்புறம் எழுதுவதை விட்டுவிட்டு வேலை முடிந்த பிறகு டை, காம், வரைபடம் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் தொழிற்சாலைப் பரணில் ஒளித்தார். எது எங்கே பொருந்தும் என்று குறிப்பும் எழுதி வைத்தார். எண்பதுகளில் மறுபடி மெக்கானிக்கலுக்கு ஆசை வந்தபோது பரணைத் திறந்தார்கள். எல்லாம் இருந்தது.

எங்கள் பட்டறையிலும் பரண் இருக்கிறது. அப்பா எழுபதுகளில் செய்த தேக்குப் பேட்டர்ன்கள், ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் சிவப்புப் பெயின்ட் நம்பர். அந்தக் கம்பெனிகளில் பாதி இப்போது இல்லை. பழைய இரும்புக்காரர் தீபாவளிக்குத் தீபாவளி கேட்பார். நான் ஒரு தடவை ஒரு சாக்கு கொடுத்துவிட்டேன். அடுத்த மாதமே பல்லடத்திலிருந்து ஒருவர் அதில் ஒரு மாடலைக் கேட்டு வந்தார். வெர்மோவைப் படித்தபோது எனக்கு அந்தச் சாக்குதான் ஞாபகம் வந்தது.

அப்படிக் காப்பாற்றிய இயந்திரத்தைப் பெரிய அளவில் யார் வாங்கினார்கள் தெரியுமா? ரோலெக்ஸ். 1988முதல் 2000வரை டேடோனா என்ற ரோலெக்ஸ் ஸ்டாப் வாட்சில் ஓடியது எல் ப்ரிமேரோதான். துடிப்பை 28,800க்குக் குறைத்தார்கள், தேதியை எடுத்தார்கள், இன்னும் எவ்வளவோ மாற்றினார்கள். டயலில் ஜெனித் என்று ஓர் எழுத்து இல்லை. இன்று அந்தக் காலத்து டேடோனாவுக்கு அடிதடி. அதே காலத்து ஜெனித்தை அதில் ஒரு சின்னப் பங்கு விலைக்கு வாங்கலாம்.

பட்டறைக்காரன் | 18 ஜூன், காலை 7.15

"அப்போ ரோலெக்ஸும் வெளியில் வாங்கித்தான் பெரிய ஆளா?" என்று கேட்டவருக்கு: வெகுகாலம் அப்படித்தான். ரோலெக்ஸின் இயந்திரங்களைப் பீல் நகரத்தில் ஏக்ளர் என்ற குடும்பம் செய்து கொடுத்தது. 2004இல்தான் ரோலெக்ஸ் அதை முழுசாக வாங்கியது. ஏக்ளர் என்ற பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். சரி, இறக்குங்கள்.

பட்டறைக்காரன் | 19 ஜூன், இரவு 11.05

ஒரு வாரமாக ஜாப் ஒர்க் என்று ஒரே பாட்டாகப் பாடினேன். இன்று பம்பு கம்பெனி ஷோரூமில் கலெக்‌ஷனுக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது என் வாதத்தில் ஓட்டை தெரிந்தது.

லெகூல்த்ர் தொண்ணூறு வருஷமாகத் தன் பெயரிலும் வாட்ச் விற்கிறதே. பிறகென்ன தடை? என் பதில்: முகம் இல்லை. ரோலெக்ஸ் சப்மரைனர் 1953இல் வந்தது. அன்றைய வாட்சையும் இன்றைய வாட்சையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்று குழந்தையும் சொல்லும். வருஷத்துக்கு ஒரு நூல் மாற்றுவார்கள், அவ்வளவுதான். லெகூல்த்ர் இதுவரை ஆயிரத்துக்கு மேல் இயந்திர வகை செய்திருக்கிறது. ஒரு கிராம் எடையில் உலகத்திலேயே சின்ன இயந்திரம், காற்றின் வெப்ப மாற்றத்திலேயே ஓடும் மேஜைக் கடிகாரம், வாய் திறந்து மணி சொல்லும் வாட்ச் என்று எதைக் கேட்டாலும் இருக்கிறது. எல்லாம் தெரிந்தவன் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுவது கஷ்டம். எங்கள் ஊரில் கிரைண்டர் மட்டுமே ஐம்பது வருஷமாகச் செய்கிறவரை எல்லாருக்கும் தெரியும். எதைக் கொடுத்தாலும் கடைகிற என்னைத் தேடி வர வழி கேட்டுத்தான் வர வேண்டும்.

அவர்களுக்கு இருக்கிற ஒரே முகம் ரிவர்ஸோ. அதைக்கூட நடுவில் கைவிட்டுவிட்டார்கள். எழுபதுகளில் இத்தாலி விநியோகஸ்தர் ஒருவர் லெ சாந்தியேக்குப் போனபோது சும்மா கிடந்த இருநூறு கேஸைப் பார்த்து, கொடுங்கள் நான் விற்கிறேன் என்று வாங்கிப்போய் இயந்திரம் பொருத்தி விற்றுத் தீர்த்தார். அப்புறம்தான் தொழிற்சாலைக்கே புத்தி வந்தது. இதற்கு யார் மேல் பழி போடுவது?

ஆக, கேள்வி கேட்டவரே, "எங்கேயோ கோளாறு" என்றீர்களே, இருக்கிறது. சரக்கில் இல்லை, சரி. ஆனால் அவர்கள் மேலேயே ஒரு பங்கு இருக்கிறது. ஒன்பதாம் தேதி காலை நான் போட்ட சத்தத்தில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பட்டறைக்காரன் | 20 ஜூன், மதியம் 2.00

கிளாஷூட்டேயை ஏன் விட்டுவிட்டாய் என்று இரண்டு பேர். ஜெர்மனியில் ட்ரெஸ்டன் பக்கத்துச் சின்ன ஊர். 1845இல் ஃபெர்டினாண்ட் அடால்ஃப் லாங்கே தொழிலைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனி அரசு பட்டறைகளை எடுத்துக்கொண்டு, 1951இல் எல்லாவற்றையும் ஒரே அரசு நிறுவனமாகக் கலக்கிவிட்டது. லாங்கே பெயர் நாற்பது வருஷம் டயலில் இல்லை. 1990இல் கொள்ளுப்பேரன் வால்டர் லாங்கே திரும்பி வந்து பதிவு செய்தார், 1994இல் நான்கு வாட்ச் காட்டினார்கள். அந்த அரசு நிறுவனத்தின் வழியில் வந்தது அதே ஊரின் கிளாஷூட்டே ஒரிஜினல். நல்ல வேலை, பக்கத்து வீட்டு நிழலில் நிற்கிறது. நாற்பது வருஷம் கடையை மூடிவிட்டால் வாடிக்கை வேறு தெருவுக்குப் போய்விடும். இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

மறுவிற்பனை பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், இந்த மாதிரி வாட்ச் கடையை விட்டு வெளியே வந்ததும் விலை சரியும். அப்படிச் சரிந்ததால்தான் லேத்காரன் கையில் ரிவர்ஸோ இருக்கிறது. இதை மாற்ற யாரும் முயற்சி எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பட்டறைக்காரன் | 23 ஜூன், மாலை 6.40

கேள்வி கேட்டவர் தனி மெசேஜில் சொன்னார், ரோலெக்ஸ் கடையில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாராம், எப்போது வரும் என்று சொல்லவில்லையாம். வாழ்த்துகள். கல்யாணத்தில் பாயசப் பையன் பார்ப்பான்.

நான் ஒரு கிறுக்குத்தனம் செய்தேன். வெர்மோவையும் ஏக்ளரையும் எழுதி எழுதிச் சூடாகி, போன செவ்வாய் நானூறு ஃபிளாஞ்ச் ஆர்டரில், கேஸ்கெட் உட்காரும் பக்கத்தில், அப்பா பெயரின் முதல் எழுத்தை மூன்று மில்லிமீட்டர் பஞ்சில் அடித்துவிட்டேன். போல்ட் போட்டு இறுக்கினால் எவன் கண்ணுக்கும் தெரியாது. மேஸ்திரி ஒன்றும் கேட்கவில்லை, அடித்தார்.

நேற்று கம்பெனியிலிருந்து குவாலிட்டி தம்பி போன். "அண்ணா, உள்பக்கம் ஏதோ எழுத்து இருக்குங்கண்ணா, டிராயிங்ல இல்லீங்களே." லாட் மார்க் என்று சமாளித்தேன். "கிரைண்ட் பண்ணிருங்கண்ணா, மேல கேப்பாங்க."

சரி என்றேன். முந்நூற்று நாற்பது இங்கேயே இருந்தது, இன்று ஞாயிறும் ஆள் வைத்துத் தேய்த்து முடித்தாயிற்று. முதல் நடையில் போன அறுபது ஏற்கெனவே பம்போடு சேர்ந்து வண்டி ஏறிவிட்டதாம்.